நாற்பது பேர் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது எப்படி

திண்டுக்கல்லில் ஒரு கலர் லேப்பில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் வேலை. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் மாலை மாற்றும் படத்தைக் காலையிலிருந்து இரவு வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். முகங்கள் மாறும், நிற்கிற தோரணை, சிரிப்பு, பின்னால் மங்கலாகத் தெரியும் சீரியல் லைட்டு எதுவும் மாறாது. வேறு மாதிரிப் படங்களையும் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பேச நாலு பேர் வேண்டும் என்றுதான் எங்கள் குழுவை ஆரம்பித்தோம். இப்போது ஏறக்குறைய நாற்பது பேர் இருக்கிறோம். ஸ்டூடியோக்காரர்கள், ஒரு பேருந்து நடத்துநர், அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியை, கத்தாரில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் தம்பி, செல்போனைத் தவிர வேறு கேமராவைத் தொட்டிராத கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். "எப்படிக்கா நடத்துறீங்க, நாங்க ஆரம்பிச்சது ரெண்டே மாசத்துல குட் மார்னிங் குழுவா ஆயிடுச்சே" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் குழு படம் போடுவதற்கா, படம் பார்ப்பதற்கா? போடுவதற்கு மட்டும் என்றால் இன்ஸ்டாகிராம் இருக்கிறது, தனியாக ஒரு குழு எதற்கு? பார்ப்பதற்கு என்றால் விதிகள் வேறு மாதிரி ஆகிவிடும். பெரும்பாலான குழுக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமலேயே ஆரம்பித்து, ஆளுக்குப் பத்துப் படம் கொட்டி, ஆளுக்கு ஒரு கைதட்டல் எமோஜி போட்டு, மூன்றாவது மாதம் மியூட்டில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

எங்கே கூடுவது

ஆள் சேர்ப்பதற்கு வாட்ஸ்அப்பை விட எளிய இடம் கிடையாது. எல்லோருடைய கையிலும் இருக்கிறது. அதில் குழு அமைப்புகளுக்குள் போய், செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். புதன் இரவு எட்டு மணிக்கும் ஞாயிறு காலையிலும் மட்டும் திறந்துவிடுங்கள். மற்ற நேரங்களில் பூட்டு. முதல் வாரம் எல்லோருக்கும் கோபம் வரும். "பேசக்கூட விடமாட்டீங்களா?" என்று தனியாகக் கேட்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். குட் மார்னிங் ரோஜாவும் ரத்தம் தேவை ஃபார்வேர்டும் அரசியல் சண்டையும் வராமல் போனதற்கு இந்த ஒரு பூட்டுதான் காரணம். திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் அந்த நேரத்தில் ஆட்களும் வந்து உட்காருகிறார்கள்.

வாட்ஸ்அப்பின் கோளாறு, அது படத்தைச் சுருக்கிவிடும். சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1600, 2000 பிக்ஸல் அளவுக்குள் வந்துவிடும். இருட்டான பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும். எச்டி என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தி அனுப்பினால் கைபேசியில் பார்க்கும் அளவுக்குப் போதும். அசல் கோப்பே வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். டெலிகிராமிலும் இதே கதைதான்: படமாக அனுப்பினால் சுருங்கும், ஃபைலாக அனுப்பினால் அப்படியே போகும். நாங்கள் பேசுவதை வாட்ஸ்அப்பிலும், அசல் கோப்புகளைச் சேமித்து வைப்பதை டெலிகிராமிலும் வைத்திருக்கிறோம். டெலிகிராம் குழுவில் தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளும் வசதி இருப்பதால், போன வருஷத்துப் படத்தையும் தேடி எடுக்க முடிகிறது. ஃபிளிக்கரில் பழைய ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். நல்ல இடம்தான். ஆனால் இலவசக் கணக்கில் 1,000 படத்துக்கு மேல் வைக்க முடியாது, புதுப் பிள்ளைகளை அங்கே இழுத்துக்கொண்டு போவதும் கடினம்.

டாக்குமெண்டாக அனுப்பும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. படத்துக்குள் கேமரா தானாகவே பதிந்து வைக்கும் எக்ஸிஃப் விவரங்கள் அப்படியே போகும். லொக்கேஷன் போட்டு எடுத்திருந்தால் எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்பதும் அதோடு போகும். வீட்டு வாசலில் எடுத்த குழந்தைப் படம் என்றால் வீட்டு முகவரியையே அனுப்பியது மாதிரி. காட்டுயிர் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் அய்யலூர், கடவூர் காடுகளில் தேவாங்கு இருக்கிறது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. படத்திலிருந்து இடத்தை எடுத்துவிடாமல் பகிர்ந்தால் அடுத்த வாரம் டார்ச் லைட்டோடு ஐம்பது பேர் அந்த மரத்தடியில் நிற்பார்கள். தேவாங்கு, ஆந்தை, பறவைக் கூடு ஆகியவற்றுக்கு எங்கள் குழுவில் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது, மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சின்ன தொழில்நுட்ப விஷயம். கேமராவில் நிற அமைப்பை அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுப்பவர்கள் அதை மாற்றாமல் அனுப்பினால் பல கைபேசிகளில் நிறம் வெளிறித் தெரியும். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளிலிருந்து வெளியே எடுக்கும்போது நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி, நீளப்பக்கம் 2048 பிக்ஸல், ஜேபெக் தரம் 80 என்று வைத்துக்கொண்டால் போதும். வாட்டர்மார்க் வேண்டுமென்றால் ஓரத்தில் சின்னதாகப் பெயர். படத்தின் நடுவில் ஸ்டூடியோ பெயர், போன் நம்பர், "எல்லா விசேஷங்களுக்கும் அணுகவும்" என்று போட்டால் நாங்கள் படத்தைப் பார்ப்போமா, நம்பரைப் படிப்போமா?

ஒரு ஞாயிறு, ஒரு ஆள், ஐந்து படம்

ஞாயிறு காலை ஒருவர் முறை. அவர் ஐந்து படம் போடுவார். தனித்தனியான ஐந்து நல்ல படம் வேண்டாம், ஒன்றோடொன்று ஏதோ ஒரு உறவு இருக்கிற ஐந்து படம். இதுதான் முதலில் எல்லோருக்கும் கஷ்டம். ஒரு மீன்கொத்தி, ஒரு சூரிய அஸ்தமனம், சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி, ஜல்லிக்கட்டில் ஒரு காளை என்று கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றும் போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்குகிற படம்தான். ஆனால் ஐந்தையும் பார்த்து முடித்தபின் எடுத்தவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. "உங்க வேலைக்குப் போற வழியில மட்டும் எடுங்க", "உங்க வீட்டு அடுப்படியில மட்டும் எடுங்க" என்று எல்லையைக் குறுக்கிக் கொடுங்கள். கத்தார் தம்பி தன் அறையில் இருக்கும் ஆறு கட்டில்களை மட்டும் எடுத்தார். ஆட்கள் யாரும் இல்லை. தலையணை, சார்ஜர், கட்டில் கம்பியில் தொங்கும் துவாலை, சுவரில் ஒட்டியிருந்த மகளுடைய பாஸ்போர்ட் சைஸ் படம். எங்கள் குழுவில் அதிக நேரம் பேசப்பட்ட படங்களில் அவையும் சேரும்.

பேசுவதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். படம் போட்டவர் முதல் அரை மணி நேரம் வாயே திறக்கக்கூடாது. இடம், கதை, கஷ்டப்பட்டு எடுத்தது எதையும் சொல்லக்கூடாது. மற்றவர்கள் முதலில் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும். அடுத்து ஓரங்களில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கைபேசியில் பார்க்கும்போது யாரும் ஓரத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் எடுத்தவர் எதை உள்ளே விட்டார், எதை வெளியே தள்ளினார் என்பது அங்கேதான் தெரியும். மூன்றாவதாக, படத்தில் எதுவோ புரியவில்லை என்றால் அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். சூப்பர், செம, வாவ், கைதட்டல், நெருப்பு எமோஜி எதற்கும் அந்த அரை மணி நேரத்தில் அனுமதி இல்லை. பாராட்டக்கூடாது என்பதில்லை, என்ன பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் பாராட்டுங்கள்.

நடத்துநர் அண்ணன் போட்ட ஒரு படத்துக்கு நடந்த பேச்சை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் வரும் கடைசிப் பேருந்தின் உள்ளே. இருவர் அமரும் சீட்டில் ஒரு மல்லிகைக் கூடை, ஈரத்துணி போட்டு மூடியது. கூடைக்குரிய அம்மா கீழே, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறார்.

"கூடைக்கு சீட்டு, அந்தம்மாவுக்குத் தரை. பாக்கவே கோபமா வருது" என்று ஒரு கல்லூரிப் பெண் எழுதினாள்.

"கோபம் எதுக்கும்மா, அவங்க முகத்துல கஷ்டம் இல்லையே. காலை நல்லா நீட்டிக்கிட்டுத்தான் தூங்குறாங்க" என்றார் ஓவிய ஆசிரியை.

"மேல கண்ணாடில டிரைவரோட கண்ணு தெரியுது, யாராவது பாத்தீங்களா?" என்று இன்னொருவர் கேட்டபிறகுதான் நாங்கள் எல்லோரும் திரும்பப் போய்ப் பார்த்தோம்.

அரை மணி முடிந்ததும் அண்ணன் சொன்னார்: "கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கு தாயி. தரையில வச்சா பிரேக் போடும்போது நசுங்கிடும். நான் மேல உக்காருங்கன்னுதான் சொன்னேன், அவங்கதான் கீழ இருந்தா கூடையப் பிடிச்சிக்கலாம்னாங்க." முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் "அடடா, அருமை அண்ணே" என்று நாற்பது பேரும் எழுதிவிட்டு நகர்ந்திருப்பார்கள். டிரைவரின் கண் அப்படியே கிடந்திருக்கும்.

லென்ஸ் என்ன, ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்ன என்ற கேள்விகள் எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். ஸ்டூடியோ ஆட்களுக்கு இது ரொம்பக் கஷ்டம். படத்தைத் திறந்ததுமே "டாப் கட் ஆகுது", "லேசா ஓவரா இருக்கு" என்று கைவந்த பழக்கத்தில் ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் என்பதால் சொல்கிறேன், கல்யாண ஆல்பத்துக்கு அந்தக் கண் வேண்டும்; இங்கே அது முதலில் வந்தால் செல்போன் பிள்ளைகள் அடுத்த வாரம் படமே போடமாட்டார்கள்.

எழுதத் தயங்குபவர்களிடம் வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்கள். நிறையப் பேருக்குப் பார்த்ததைச் சொல்ல வரும், டைப் செய்யத்தான் வராது. பெண்கள் குழுவில் நிலைக்க வேண்டுமென்றால் இன்னொரு விதி கட்டாயம்: குழுவில் நம்பர் பார்த்துத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது. "படம் பத்தி ஒரு டவுட்" என்று ஆரம்பித்தாலும் சரி, முதல் புகாரிலேயே வெளியே அனுப்பிவிடுங்கள். விசாரணை, பஞ்சாயத்து எதுவும் வேண்டாம். எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருப்பதற்கு இந்தக் கறார்தான் காரணம்.

புதன்கிழமை: இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பவர்கள்

எங்கள் படங்களையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளில் எல்லோரும் ஒரே மாதிரி எடுக்க ஆரம்பித்துவிடுவோம். அதனால் புதன் இரவு, இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு புகைப்படக்காரரைப் பார்ப்போம். குழுவில் ஒருவர் அறிமுகம் செய்ய வேண்டும். விக்கிப்பீடியாவை வெட்டி ஒட்டக்கூடாது. மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்து, ஏன் இந்த மூன்று என்று சொல்ல வேண்டும். படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாமல், அவருடைய தளத்தின் அல்லது அவரே போட்ட பக்கத்தின் இணைப்பைக் கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் எல்லோரும் அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.

ஆரம்பிப்பதற்கு நான் சொல்வது எம். பழனி குமாரை. மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்துக்காரர். மலக்குழியில் இறங்கி வேலை செய்பவர்களைப் பற்றி அவர் எடுத்த படங்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். கிராமப்புற இந்தியாவுக்காகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஆரம்பித்த பாரி தளத்தில் அவருடைய படக் கட்டுரைகள் தமிழிலேயே இருப்பதால் இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் ஒதுங்க முடியாது. புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரில் பாரி வழங்கும் ஆவணப் புகைப்பட விருது 2022இல் முதன்முதலாக அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. மீன் விற்ற தன் அம்மாவை அவர் எடுத்த படங்களைக் குழுவில் பார்த்தோம். முடிந்ததும் அடுத்த ஞாயிறுக்குப் பயிற்சி: உங்கள் அம்மாவை, வேலை செய்யும்போது, கேமராவைப் பார்க்கச் சொல்லாமல். கல்யாணத்தில் அம்மாக்களைப் பட்டுப்புடவையில் வரிசையாக நிற்கவைத்தே எடுத்துப் பழகிய ஸ்டூடியோ ஆட்கள், சொந்த அம்மா அரிசி புடைப்பதை அன்றைக்குத்தான் எடுத்தோம் என்றார்கள்.

தயாநிதா சிங்கையே இன்னொரு புதன் வைக்கலாம். 2022இல் ஹாஸல்பிளாட் என்ற சர்வதேசப் புகைப்பட விருது பெற்றவர். படங்களை மரச்சட்டத் தட்டிகளில் அடுக்கி, இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் வரிசையை மாற்றிக்கொண்டே இருப்பார். அவற்றை அருங்காட்சியகங்கள் என்றே அழைக்கிறார். இதிலிருந்து கிடைத்த பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவருடைய ஐந்து படத்தை வேறு இரண்டு பேரிடம் கொடுத்து, அவரவர் விருப்பப்படி வரிசை மாற்றிப் போடச் சொல்லுங்கள். கத்தார் தம்பியின் கட்டில் படங்களை ஒருவர் மகள் படத்தில் ஆரம்பித்தார், இன்னொருவர் அதில் முடித்தார். முதல் வரிசையில் அது வேலைக்குப் போனவனுடைய கதை. இரண்டாவதில் திரும்பி வரப்போகிறவனுடைய கதை. படம் எதுவும் மாறவில்லை.

கௌரி கில் 2015இலிருந்து மகாராஷ்டிராவில் ஜவ்ஹார் பகுதி முகமூடிக் கலைஞர்களோடு சேர்ந்து செய்யும் படங்களைக் காட்டினால் குழுவில் சண்டை நிச்சயம். சாமி முகமூடிகளைக் காகிதக் கூழில் செய்கிறவர்களிடம், அன்றாட வாழ்க்கைக்கான முகமூடிகளைச் செய்து தரச் சொல்லி, அதை மாட்டிக்கொண்டு வீட்டிலும் கடையிலும் உட்காரவைத்து எடுத்த படங்கள். "முகமே தெரியலையே, இது எப்படி போர்ட்ரெய்ட்?" என்று ஸ்டூடியோ அண்ணன் ஒருவர் ஆரம்பித்தார். பத்து மணிக்குக் குழுவைப் பூட்ட வேண்டிய நான் அன்றைக்குப் பதினொன்றரை வரை திறந்தே வைத்திருந்தேன். கையைப் பார்த்தே வயதைச் சொல்லலாம், உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே வீட்டில் அவர் யார் என்று சொல்லலாம் என்று கடைசியில் அவரே ஒப்புக்கொண்டார். கௌரி கில்லுக்கு 2023இல் பிரிக்ஸ் பிக்டே விருது கிடைத்தது.

கலைஞர் புஷ்பமாலாவின் படங்கள் எனக்குத் தொழில்ரீதியாகவே நெருக்கம். புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை, ரவி வர்மாவின் லட்சுமியிலிருந்து சினிமா ஸ்டில் வரை தென்னிந்தியப் பெண்ணின் பழகிய உருவங்களைத் தானே வேஷம் போட்டு, தட்டி, திரை, விளக்கு எல்லாம் வைத்து மறுபடி எடுத்தார். இதற்கான பயிற்சி, உங்கள் வீட்டில் இருக்கும் பழைய ஸ்டூடியோ படம் ஒன்றை அப்படியே திரும்ப எடுப்பது. தாத்தாவும் பாட்டியும் கல்யாணமான புதிதில் வரைந்த திரைக்கு முன்னால் நின்றிருப்பார்கள் இல்லையா, அதே மாதிரி பேரன் பேத்தி நிற்க வேண்டும். அந்தத் திரைகளில் மாளிகைப் படிக்கட்டு, ஏரி, அன்னம் என்று என்னென்னவோ இருக்கும். பழைய ஸ்டூடியோக்கள் பலவற்றில் அந்தத் திரைகளும் நெகட்டிவ்களும் எடைக்குப் போய்விட்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழகத்து ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டலாகச் சேமித்த வேலை நடந்திருக்கிறது. உங்கள் குழுவில் பழைய ஸ்டூடியோக்காரர் யாராவது இருந்தால் அவர் பரணில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சோராப் ஹூராவைக் கொஞ்ச நாள் கழித்துக் காட்டுங்கள். மேக்னம் என்ற உலகப் புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பில் உறுப்பினரானவர். இந்தியக் கடற்கரை ஓரத்தில் அவர் எடுத்த படங்கள் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷோடு, வரிசை திரும்பத் திரும்பக் குலைந்து குலைந்து வரும். புதியவர்கள் மிரண்டுபோவார்கள். ஆனால் வருஷாவருஷம் கூவாகம் திருவிழாவுக்கும் குலசை தசராவுக்கும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடி, எல்லோரும் எடுத்த அதே படத்தை எடுத்துக்கொண்டு வரும் நம் ஆட்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை அவை. கூவாகத்தில் திருநங்கை ஒருவர் தாலி அறுத்து அழும்போது அவர் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் இருபது கேமரா நிற்கிறது. இருபத்தோராவது கேமராவை எங்கள் குழு கொண்டாடாது. இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

யாருடைய படம்

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்த உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் இருக்கும். பதிவு செய்ய வேண்டியதில்லை. எங்கள் குழுவில் ஒருவர் எடுத்த தேர்த்திருவிழாப் படத்தை ஒரு மாத இதழ் பெயர்கூடப் போடாமல் அட்டையில் போட்டது. நீளமாக எழுதாமல், அசல் கோப்பையும் எடுத்த தேதியையும் வைத்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதச் சொன்னோம். அடுத்த இதழில் பெயர் வந்தது, சிறு தொகையும் வந்தது. அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள் என்று நான் கரடியாகக் கத்துவது இதற்குத்தான்.

கல்யாணப் படத்துக்குக் கணக்கு வேறு. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். "நான் எடுத்த படம்தானே" என்று மணப்பெண் படத்தைக் குழுவில் போட முடியாது. அட்வான்ஸ் வாங்கும்போதே, பகிர்ந்துகொள்ளலாமா என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

தெருவில் எடுத்த படங்களில் இருப்பவரிடம் கேட்டீர்களா என்ற கேள்வி எங்கள் குழுவில் கட்டாயம் வரும். எல்லா நேரமும் முதலிலேயே கேட்க முடியாதுதான். எடுத்தபின் காட்டலாம், வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். நடத்துநர் அண்ணன் அந்தப் பூக்கார அம்மாவுக்கு மறுவாரம் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, குழுவில் போடட்டுமா என்று கேட்டுத்தான் போட்டார். குழந்தைகள் என்றால் பெற்றோர் சரி என்று சொல்லாமல் போடவே கூடாது. பள்ளிச் சீருடையில் பெயர், பேட்ஜ் தெரிந்தால் சரி என்று சொன்னாலும் போடக்கூடாது.

ஏஐ விஷயத்தில் இழுபறி வைத்துக்கொள்ளாதீர்கள். 2023இல் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், சோனி உலகப் புகைப்பட விருதுகளில் தன் படத்துக்குக் கிடைத்த பரிசை, அது ஏஐ வைத்துச் செய்தது என்று சொல்லி வாங்க மறுத்தார். நடுவர்களே கண்டுபிடிக்கவில்லை என்றால் நாம் எங்கே கண்டுபிடிப்பது? அதனால் துப்பறிய வேண்டாம், சொல்லச் சொல்லுங்கள். ஆளை அழித்தது, வானத்தை மாற்றியது, ஓரத்தை ஏஐ விட்டு நீட்டியது எதுவானாலும் படத்தோடு ஒரு வரி. குரூப் போட்டோவில் சண்டை போட்ட சித்தப்பாவை அழிப்பது என் பிழைப்பு. அதனால் அழிப்பதைப் பாவம் என்று நான் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு அழியுங்கள்.

கொண்டாடுவது

வாக்கெடுப்பு வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வசதி இருக்கிறதே என்று சிறந்த படத்துக்கு ஓட்டுப் போடச் சொன்னால் அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் ஓட்டு விழுகிற படத்தை எடுப்பார்கள். மீன்கொத்தி திரும்ப வந்துவிடும். வலைப்பதிவுகள் உச்சத்தில் இருந்த நாட்களில் 'தமிழில் புகைப்படக்கலை' குழுவினர் மாதாமாதம் தலைப்பு கொடுத்துப் போட்டி நடத்தினார்கள். அதில் கற்றுக்கொண்டவர்கள் நிறைய. அங்கே படங்களைப் பற்றி விளக்கமாக எழுதவும் ஆட்கள் இருந்தார்கள். ஒரே விநாடியில் கட்டைவிரல் ஓட்டு விழுகிற இடத்தில் அது நடக்காது.

நாங்கள் ஆகஸ்ட் 19ஐக் கொண்டாடுகிறோம். 1839இல் அந்தத் தேதியில்தான் டாகேரின் புகைப்பட முறையை பிரான்ஸ் உலகத்துக்கு அறிவித்தது. அன்றைக்கு யாரும் தன் படத்தைப் போடக்கூடாது. குழுவில் இன்னொருவர் அந்த வருஷத்தில் போட்ட ஒரு படத்தை எடுத்து, அது ஏன் இன்னும் மனதில் நிற்கிறது என்று எழுத வேண்டும். வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்தவர்கள்கூட அன்றைக்கு நீளமாக எழுதுவார்கள். தன் படத்தை யாரோ எட்டு மாதம் நினைவில் வைத்திருந்தார் என்று தெரிவதுபோல ஒரு பரிசு என்னால் வாங்கித்தர முடியாது.

வருஷத்துக்கு ஒருமுறை பிரிண்ட் போட்டுத் தொங்கவிடுங்கள். இடம் பெரிதாக வேண்டாம். சென்னை ஃபோட்டோ பியன்னாலே என்ற புகைப்பட விழாவை 2016இல் ஆரம்பித்தபோதே பொது இடங்களில் படங்களை வைத்தார்கள். 2019இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸிலும் வைத்தார்கள். நமக்குக் கிளை நூலகத்தின் திண்ணை போதும், நூலகரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். நைலான் கயிறு, துணி கிளிப், ஆளுக்கு ஒரு 8×12 அங்குல பிரிண்ட். மேட் பேப்பரில் போடுங்கள். கிளாஸியில் வெயில் பட்டால் பார்ப்பவர் முகம்தான் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) கணக்குப்படி 8×12க்கு 2400×3600 பிக்ஸல் வேண்டும், 4×6க்கு 1200×1800 போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்துக்கொண்டு லேப்புக்கு வந்து "பெருசா போடுங்க" என்று தயவுசெய்து நிற்காதீர்கள். டெலிகிராமில் ஃபைலாகச் சேமிக்கச் சொன்னது இந்த நாளுக்காகத்தான். படத்துக்குக் கீழே தமிழில், வயதானவர்களும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் இரண்டு வரி: ஊர், வருஷம், எடுத்தவர் பெயர். அதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டாம். எடுத்தவர் தன் படத்துக்குப் பக்கத்தில் நிற்காமல் நாலு அடி தள்ளி நின்றால், வருகிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதில் விழும். பேப்பர் படிக்க வந்த ஒரு பெரியவர் கட்டில் படங்களின் முன்னால் நின்று, "இது துபாயா? என் பையன் ரூமும் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன், அவன் காட்டினதே இல்ல" என்றார். அதை அப்படியே வாய்ஸ் நோட்டாக கத்தாருக்கு அனுப்பினோம்.

கண்காட்சி முடிந்ததும் பிரிண்ட்களைக் கட்டிப் பரணில் போடாமல் குலுக்கிப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வெளியூர் ஆட்களுக்குத் தபாலில் அனுப்புவதாக இருந்தால் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேலே "போட்டோ, மடிக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். படத்தின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். எழுத வேண்டுமென்றால் தனிச்சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.